பின்னுக்குப் போகாத லொறியும் மாகாணத்தின் வீதிப் பணமும்

அனுப்புநர்:
தி. சாருஜா (வயது 13),
கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்.

பெறுநர்:
நெடுஞ்சாலை நிதிக்குப் பொறுப்பான அதிகாரி,
மத்திய அரசு, ஒட்டாவா.

விடயம்: எங்கள் லொறியின் காரணமாக மாகாணத்தின் வீதிப் பணத்தை நிறுத்த வேண்டாம் எனக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

வீதி மறியலைத் தடுக்காத மாகாணங்களுக்கு நெடுஞ்சாலைப் பணம் குறைக்கப்படலாம் என்று இன்று வகுப்பில் ஆசிரியர் செய்தி வாசித்தார். எல்லோரும் படுத்த பிறகு குளியலறையில் இருந்து இதை எழுதுகிறேன்.

1. சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வீதியை நாற்பது நிமிடம் மறித்தது நாங்கள்தான். துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றுவதற்கு அப்பா வாங்கிய லொறிக்கு வீட்டு வாசலில் பூசை நடந்தது. முன்சில்லுகளுக்கு முன்னால் வைத்த தேசிக்காய்களை நசித்துக்கொண்டு லொறி புறப்பட வேண்டும். ஐயர் அவற்றை வைத்துவிட்டு அடுத்த பூசைக்கு மெட்ரோவில் போய்விட்டார்.

2. அப்போது எதிரே பனி அள்ளும் வண்டி வந்தது. பனிக்குவியலால் வீதியில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அதன் பின்னால் இரண்டு பஸ்கள். எங்களுக்குப் பின்னால் வீதி வெறுமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா நடுவீதியில் நின்று, "பூசை செய்த வண்டி முதன்முதல் பின்னுக்குப் போகாது தம்பி, நீர் உம்மட வண்டியை எடும்" என்று அந்தச் சாரதிக்குத் தமிழில் விளக்கினார். அவர் பிரெஞ்சில் போன்ஜூர் என்று வணக்கம் சொன்னார். அப்பா கண்ணாடியை இறக்கி, "நான் என்ன செய்ய, அவ சொல்லிப்போட்டா" என்றார். பஸ்ஸில் இருந்து ஒருவர் எங்கள் லொறியின் இலக்கத்தைப் படம் எடுத்தார்.

3. மாகாண அரசாங்கம் அங்கே நிற்கவில்லை. நின்றது அம்மா. மாகாணத்தை எவ்வளவு நெருக்கினாலும் அம்மா அசையமாட்டார். ஒருவர் கதைத்ததற்காக வகுப்பு முழுவதையும் மறித்து வைப்பது போன்ற இந்த விதியைப் பற்றியே என் முறைப்பாடு. அந்த வீதிகளில்தான் அப்பா ஓட வேண்டும். அவற்றில் இப்போதே குழிகள்.

4. மறியலை முடித்தது நான். சப்பாத்து நாடா கட்டுவது போலக் குனிந்து, தேசிக்காய்களைச் சில்லுகளுக்குப் பின்னால் மாற்றி வைத்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்த அப்பா அவற்றை நசித்துக்கொண்டு லொறியைப் பின்னுக்கு எடுத்தார். அவை தாமாகவே பின்னுக்கு உருண்டு வழிகாட்டின என்று அம்மா இதுவரை ஒன்பது வீடுகளுக்குச் சொல்லிவிட்டார். மேல்மாடி றோசா அன்ரி, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரராக இருந்தும், நசிந்த தோலில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிச் சென்றார்.

ஆகவே, பணத்தை நிறுத்தாமலும் அப்பாவின் லொறி இலக்கத்தைப் பதியாமலும் விடும்படி கேட்கிறேன். தேசிக்காய் விடயம் அம்மாவுக்குத் தெரிந்தால், வரும் வெள்ளிக்கிழமை அதே இடத்தில் மறுபடியும் பூசை நடக்கும். இதைப் பயமுறுத்தலாகச் சொல்லவில்லை. பயந்திருப்பது நான்தான்.

மனு எழுதும் முறையைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மட்டுமே படித்ததால் தமிழில் எழுதினேன். தயவுசெய்து பதிலைப் பிரெஞ்சில் அனுப்புங்கள். பிரெஞ்சுக் கடிதங்களை அம்மா என்னிடம்தான் வாசிக்கத் தருவார்.

இடம்: மொன்றியல்
திகதி: 09.02.2026

பணிவுடன்,
தி. சாருஜா