பேசத் தயங்குபவர், பிரிவு இரண்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் டோக்கன் எடுத்தேன். எண் 58. குடும்ப உதவி அலுவலகத்தின் கூடத்தில் டோக்கன் இல்லாமல் யாரும் உட்காரக் கூடாது என்பது வாசல் காவலாளியின் சட்டம். முதல் நாளே அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். "கடிதத்தை வச்சுக்கிட்டு நிக்கலாம்மா. உக்காரணும்னா டோக்கன்" என்றுவிட்டார். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது?

அரசு அலுவலகங்களில் குழந்தையோடு காத்திருக்கும் தாய்மார்களின் நேரம் எங்கே போகிறது – இதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. என் நேரம் எங்கே போகிறது என்று யாரும் ஆராயவில்லை. இது ஆறாவது வருடம். மே 29க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது.

இன்றைய கவனிப்பு: கூடத்தில் நாற்பத்தொரு பேர். சராசரிக் காத்திருப்பு இரண்டு மணி பத்து நிமிடம். என் டோக்கன் எண்ணை அழைத்தார்கள். வழக்கம்போல் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மடியிலிருந்த என் மகள், குட்டி, அந்த நோட்டின் ஒரு மூலையைத் தின்றுவிட்டாள்.

மார்ச் 11, புதன்

கள ஆய்வு முடிந்தது. மொத்தம் இருபத்து மூன்று நாள். இனி எழுதுவது மட்டும்தான்.

மட்டும்தானாம்!

மார்ச் 16, திங்கள்

உதவி அலுவலகத்திலிருந்து கடிதம். கள ஆய்வு முடித்ததற்கு நான் கேட்டிருந்த சான்று என்று ஆசையாகப் பிரித்தேன். இரண்டு முறை படித்தேன். முகவரி சரிதானா என்று உறையையும் பார்த்தேன்.

"தாங்கள் இருபத்து மூன்று முறை குழந்தையுடன் வந்து, டோக்கன் பெற்று, எண் அழைக்கப்பட்டும் கவுன்டருக்கு வரவில்லை. பத்து முறைக்கு மேல் இவ்வாறு செய்வோர் 'பேசத் தயங்குபவர், பிரிவு இரண்டு' எனக் கொள்ளப்படுவர். தங்கள் பெயரில் கோப்பு திறக்கப்பட்டுள்ளது. சமூகப் பணியாளர் தங்கள் இல்லத்துக்கு வருவார்."

என் வீட்டுக்காரர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நீ அவங்களைப் பத்தி ஆறு வருஷமா எழுதற. அவங்க உன்னைப் பத்தி அஞ்சே நாள்ல எழுதிட்டாங்க பாரு!"

ஒரு வாரம் பாத்திரம் இவர்தான் கழுவ வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

மார்ச் 18, புதன்

போன் செய்தேன். நான் ஆய்வாளர், தவறுதலாகக் கோப்பு திறந்துவிட்டீர்கள், கள ஆய்வு முடித்த சான்றை அனுப்புங்கள் என்றேன். விரல் வைத்து விதிப் புத்தகத்தைப் படிக்கும் குரலில் ஒருவர், "கோப்பு திறந்திருக்கறவங்களுக்குச் சான்று தர்றதில்லைம்மா" என்றார்.

"சரி, கோப்பை மூடுங்க."

"வீட்டுக்கு வர்ற பணியாளர் கையெழுத்துப் போட்டா தானா மூடிரும்."

அந்தச் சான்று இல்லாமல் பல்கலைக்கழகம் ஆய்வேட்டைத் தொடக்கூடத் தொடாது. ஆக, ஆறு வருட உழைப்பு இப்போது ஒரு பணியாளரின் கையெழுத்தில் தொங்குகிறது. நான் நல்லபடியாக இருக்கிறேன் என்று அவரை நம்ப வைக்க வேண்டும். இதுதானா பெரிய விஷயம்?

மார்ச் 24, செவ்வாய்

பெரிய விஷயம்தான்.

கதவைத் திறந்தால், கௌரவ விரிவுரையாளராக நான் இரண்டு வருடம் சமூகப் பணிப் பாடம் எடுத்தபோது முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண், கையில் என் கோப்போடு!

"மேடம்! நீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பேனாவை எடுத்தாள். முகமே மாறிவிட்டது. நேராகச் சமையலறைக்குப் போய் சிங்க்கை எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குப் போனால் முதலில் சிங்க்கைப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். தீர்ப்பெல்லாம் சொன்னேனே தவிர, இவர் கழுவவில்லை.

"எப்படி இருக்கீங்க மேடம்?"

"நல்லா இருக்கேனே."

எதையோ குறித்தாள். என்ன என்று கேட்டேன்.

"கேட்ட உடனே 'நல்லா இருக்கேன்'னு வந்தா ரெண்டு மதிப்பெண் கழிக்கச் சொன்னீங்களே மேடம்."

"சரி, கொஞ்சம் அசதிதான். அது இருக்கட்டும், உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இது பேச்சை மாத்தறது. இதுக்கும் ரெண்டு."

அந்த மதிப்பீட்டுத் தாளே வகுப்புக்காக நான் தயாரித்ததுதான்; அலுவலகம் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறது. நாற்பதுக்கு இருபத்தைந்து வந்தால் கோப்பை மூடலாம். எனக்குப் பதினான்கு.

மார்ச் 26, வியாழன்

அத்தை போனில்: "நீ படிச்சு முடிக்கறதும் என் பேத்தி காலேஜ் சேர்றதும் ஒண்ணா நடக்கும் போல." மாமியாரிடம் என்ன பதில் சொல்வது? "நல்லா இருக்கோம் அத்தை" என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

என் ஆய்வு வழிகாட்டியைப் போய்ப் பார்த்தேன். நாங்கள் வைத்த பெயர் கமா மேடம். ஆறு வருடத்தில் என் அத்தியாயங்களில் அவர் திருத்தியது அது ஒன்றுதான். அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"ஆய்வாளரே பயனாளி! இந்த மாதிரி அமையுமாம்மா? இதைத் தனி அத்தியாயமாப் போடு. எதுக்கும் நெறிமுறைக் குழுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

வேண்டாம் மேடம் என்று சொல்வதற்குள் கேட்டுவிட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

நெறிமுறைக் குழுவின் முடிவு: ஆய்வுக்கு உட்படும் நபரிடம் ஆய்வாளர் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும். அதாவது நான் என்னிடம். ஆய்வின் நோக்கத்தை அவருக்குப் புரியும் எளிய மொழியில் விளக்க வேண்டும். யோசிக்க ஏழு நாள் அவகாசம் தர வேண்டும். வற்புறுத்தக் கூடாது.

விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி: ஆய்வாளருக்கும் இந்த நபருக்கும் உள்ள தொடர்பு? உறவினர், நண்பர், தெரிந்தவர், தொடர்பில்லை – நான்கு கட்டங்கள். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'தெரிந்தவர்' என்பதில் டிக் அடித்தேன். அதுகூடச் சரிதானா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 15, புதன்

இரண்டாவது வருகை. சிங்க் பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மனதுக்குள் நான்கு எண்ணிவிட்டுப் பதில் சொன்னேன். நடுவில் ஒரு பெருமூச்சுகூட விட்டேன், அளவாக.

"ஒப்பிக்கற மாதிரி இருக்கு மேடம்" என்றாள்.

பன்னிரண்டு.

ஏப்ரல் 27, திங்கள்

மூன்று நாளாகக் குட்டிக்குக் காய்ச்சல். இவருக்கு ஆலையில் இரட்டை ஷிப்ட். கடைசி அத்தியாயத்தில் தலைப்பு மட்டும் இருக்கிறது – அதன் மேல் மருந்து கொட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி.

அவள் உட்காரக்கூட இல்லை. "எப்படி இருக்கீங்க"ன்னு வாயெடுத்தா. அவ்வளவுதான், என்னமோ ஆயிடுச்சு எனக்கு. "முடியலடி"ன்னுட்டேன். என் மாணவியைப் போய் 'டி' போட்டுப் பேசிட்டேன்! "எனக்கு ஒண்ணும் வேணாம். இவளை யாராவது ஒரு மூணு மணி நேரம் பாத்துக்கட்டும். நான் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மேசை முன்னாடி உக்காரணும். யாரும் என்னை அம்மான்னு கூப்பிடக் கூடாது. இதைக் கேட்டா பாவமா? நீயே சொல்லு, பாவமா?" – இதெல்லாம் நானா பேசினேன்?

அவள் எதையும் எழுதவில்லை. குட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அலுவலகத்துக் காப்பகம் ஒண்ணு இருக்கு மேடம். காலையில மூணு மணி நேரம், வாரத்துல அஞ்சு நாள். இன்னைக்கே எழுதித் தரேன். ஆனா, அதை வாங்கினீங்கன்னா கோப்பு திறந்தேதான் இருக்கும்."

"வாங்கலைன்னா?"

"இப்பப் பேசினதுக்கே முப்பத்தொண்ணு வருது. மூடிடலாம்."

ஏப்ரல் 28, செவ்வாய்

காப்பகத்தை வாங்கினால் எழுத நேரம் உண்டு, கொடுக்கச் சான்று இல்லை. வாங்காவிட்டால் சான்று உண்டு, கொடுக்க ஆய்வேடு இல்லை.

இவரிடம் சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை. "முதல்ல நீ எழுதி முடி. சான்று தரலைன்னா குடும்பத்தோட போய் அவங்க கூடத்துலயே உக்காந்துக்கலாம்."

"டோக்கன் இல்லாமயா?"

இப்போது இருவருமே சிரித்தோம். ரொம்ப நாளாயிற்று.

காப்பகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மே 4, திங்கள்

கதவைச் சாத்தினேன். இருபது நிமிடம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நான்கு பக்கம்.

மே 21, வியாழன்

நேற்று எழுதி முடித்தேன். இன்று உதவி அலுவலகம் போனேன். டோக்கன் எண் 17. அழைத்ததும் எழுந்து கவுன்டருக்குப் போனேன். பின்னாலிருந்து காவலாளி, "அந்தம்மா எந்திரிச்சிடுச்சுய்யா!" என்றது கூடம் முழுக்கக் கேட்டது.

கவுன்டரில் கண்ணாடி போட்ட அலுவலர். கோப்பு மூடவில்லை, ஆனாலும் சான்று வேண்டும், சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"சண்டை எதுக்கும்மா?" இழுப்பறையிலிருந்து முத்திரையை எடுத்தார். "பேசத் தயங்கறவங்களுக்குத் தபால்ல, போன்ல எதுவும் தரக் கூடாது. கவுன்டருக்கு வந்து வாயைத் திறந்து கேட்டா உடனே தரணும். அவங்க பேசட்டும்னுதான் அந்த விதியே. யாரோ பாதியைப் படிச்சுச் சொல்லியிருக்காங்க."

"கோப்பு?"

"அது பாட்டுக்கு இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

நான்கு நிமிடம் ஆயிற்று. என் ஆய்வின் சராசரியையே கெடுத்துவிட்டார் மனிதர்.

மே 29, வெள்ளி

கொடுத்தாயிற்று. 312 பக்கம். வாசலில் கமா மேடம் கையைக் குலுக்கினார். "நன்றியுரையில ஒரு கமா விட்டுப்போச்சும்மா" என்றார்.

ஜூன் 10, புதன்

காலையில் குட்டியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்ததும் என் மாணவியின் போன்.

"ஆய்வேடுதான் குடுத்தாச்சே மேடம். மாசாமாசம் கேக்கணும்னு விதி, அதான். காப்பகம் இனிமேலும் வேணுமா?"

"வேணும்."

"காரணம்னு ஒரு இடம் இருக்கு. என்ன போடட்டும்?"

"தூங்கறதுக்கு."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம். மறுகேள்வி இல்லை.

பதினொன்றரை வரை தூங்கினேன்.