பாங்காக்கில் கோகிலா செய்துகொண்ட வாக்ஸிங்

ஜனவரி 20, திங்கள்

காலையில் இரண்டு ஐப்ரோ, மத்தியானம் ஒரு ஃபேஷியல். பதினொரு மணிக்குப் போன கரண்டு மூன்று மணிக்குத்தான் வந்தது. ஃபேஷியலுக்கு வந்த டெய்லரம்மா முகத்தில் பூசிய பேக்கோடு அப்படியே தூங்கிவிட்டாள்.

நாளைக்குக் கோகிலா பாங்காக் போகிறாள்.

ஒருதரம் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அப்போதாவது மண்டைக்குள் குடைவது நிற்குமா பார்க்கலாம். கோகிலவாணியும் நானும் திருப்பத்தூரில் ஒன்றாக பியூட்டீஷியன் கோர்ஸ் படித்தவர்கள். அவள் பார்லர் ஜமுனாமரத்தூரில், என் பார்லர் எங்கள் ஊர் கூட்ரோட்டில். க்ரீம், வாக்ஸ் எல்லாம் திருப்பத்தூர் ஏஜென்சியில் வாங்குகிறோம். ஒரு வருஷத்தில் இத்தனை பெட்டி எடுத்தால் ஒருவருக்குப் பாங்காக் டூர் என்றார்கள். தனித்தனியாக எடுத்தால் நூறு வருஷமானாலும் எட்டாது என்று இரண்டு கடைச் சரக்கையும் ஒரே பேரில் எடுத்தோம். யார் பேரில்? என் கடையில் டவர் கிடையாது. தண்ணித்தொட்டிப் பாறை மேல் ஏறினால்தான் ஒரு கோடு வரும். ஓடிபி வருவதற்குள் பொழுது போய்விடும். "உன் நம்பர்லயே போட்டுக்கடி, நம்மள எவன் பாங்காக் இட்டுக்கினு போவப்போறான்" என்று சொன்னது நான்தான். என் வாயால், நானே.

பேரை மாற்ற முடியுமா என்று ஏஜென்சியில் கேட்டாளாம், முடியாது என்றுவிட்டார்களாம். கேட்டிருப்பாள். பொய் சொல்கிறவள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவளாக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

ஜனவரி 21

போய்விட்டாள். பாதி டிக்கெட் என் வாக்ஸ் டப்பாக்கள்.

ஜனவரி 24, வெள்ளி

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். துணி காயப்போடுகிற சாக்கில் பாறை மேல் ஏறினேன். பொலபொலவென்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. பதினேழு ஸ்டேட்டஸ். கப்பல், கோயில், தட்டு நிறைய இறால். கடைசிப் படத்தில் வெள்ளைத் துண்டும் அவள் கால் இரண்டும்.

கூடவே ஒரு வாய்ஸ். "அக்கா, இன்னா பண்ணேன் தெரியுமா? எல்லாரும் கடைக்குப் போய்ட்டாங்க. ஓட்டலுக்கு எதுர்ல ஒரு பார்லர் இருந்திச்சி. உள்ள பூந்து, உடம்பு முழுக்க வாக்ஸிங் பண்ணிக்கினேன்! அந்தப் பொண்ணுக்கு இருவது வயசுதான் இருக்கும். கை இன்னா சுத்தம்ன்ற! ஒரு ஒரு தபாவும் இழுத்த கையோட உள்ளங்கைய அழுத்தி வெச்சிக்கிது, வலியே தெர்லக்கா. நாம ரெண்டு பேரும் இத்தினி வருஷமா ஊர் பொம்பளைங்கள சும்மா தோல உரிச்சிக்கினு இருந்திருக்கோம்."

நாம ரெண்டு பேருமா? உனக்கு நான் உரித்தேனா?

எட்டு வருஷமாக மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு நான் அவளுக்குச் செய்வேன், அவள் எனக்குச் செய்வாள். அவள் உடம்பில் எங்கெங்கே மச்சம் என்று அவள் புருஷன் ராஜ்குமாரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவள் கடல் தாண்டிப் போய் ஒரு சின்னப் பெண்ணிடம் படுத்துக்கொண்டு, வலியே தெரியவில்லையாம். அதை எனக்கே சொல்கிறாள்.

பொறாமைதான். வேற பேர் வைக்க ஒண்ணும் இல்ல.

ஜனவரி 28

வந்தாள். தைல டப்பா ஒன்று, மாம்பழம் போல ஒரு சோப்பு கொடுத்தாள். கையை நீட்டி "தொட்டுப் பாருக்கா" என்றாள். தொட்டேன். என் கையால் எட்டு வருஷத்தில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

"பரவால்ல" என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எங்கள் செவ்வாய்க்கிழமை. அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை, பாங்காக்காரி எல்லாம் முடித்து அனுப்பிவிட்டாள். நானும் போகவில்லை, தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

சாமான் வாங்க ஜமுனாமரத்தூர் போய்வந்த என் புருஷன் அருணகிரி சொல்கிறார், கோகிலா கடைக்குப் புது போர்டு வைத்திருக்கிறாளாம். "பாங்காக்கில் பயிற்சி பெற்றவர்." அவருக்குச் சிரிப்பு வேறு. "உன் ஃப்ரெண்டு பெரிய ஆளாயிட்டா, செந்தாமரை!"

பயிற்சியா? காசு கொடுத்து மேசையில் படுத்திருந்தது பயிற்சியா? அப்படியென்றால் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போய் வந்த நான் டாக்டர்.

பிப்ரவரி 6

நேரிலேயே கேட்டுவிட்டேன். அவள் கூச்சமே படவில்லை. "ஒன்ற மணி நேரம் அவ கையவே பாத்துக்கினு கெடந்தேங்க்கா. அதும் பயிற்சிதான். வா, உனுக்கு அதே மாதிரி பண்ணி காட்றேன்" என்றாள்.

எனக்கு வேண்டாம் என்றேன். வேண்டும் போலத்தான் இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தரம் நோட்டை மூடினேன்.

நெல்லிவாசல் ரம்யாவுக்கு மார்ச் பத்தாம் தேதி கல்யாணம். நர்ஸ் பெண். மாப்பிள்ளை வீடு போளூர். இந்தப் பக்கத்தில் இந்த வருஷம் இதைவிடப் பெரிய கல்யாணம் கிடையாது. பொங்கலுக்கே அவள் அம்மா வந்து "நீதாம்மா பொண்ணுக்கு எல்லாம் செய்யணும்" என்று வாக்குக் கொடுத்துப் போனாள். இன்றைக்கு ரம்யாவின் அத்தை பாஞ்சாலை ஜீப்பில் வந்து இறங்கினாள். புருவம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்தவள், பாதியில் மெதுவாக ஆரம்பித்தாள்.

"கோச்சிக்காதம்மா. பொண்ணு அந்த பாங்காக்ல படிச்சிட்டு வந்தவளே வேணும்ன்றா. இந்தக் காலத்துப் பொண்ணு, இன்னா பண்றது?"

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. "படிப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல அத்த. டூர் போன எடத்துல உடம்புல ஒட்டுத்துணி இல்லாம அவுத்துப் போட்டுட்டு படுத்துக் கெடந்தா. வாக்ஸிங் பண்ணிக்கினு வந்தா. அதத்தான் போர்டுல எழுதி வெச்சிக்கினா."

பாஞ்சாலை அத்தை ஒரு புருவம் எடுத்தும் ஒரு புருவம் எடுக்காமலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முழுசாவா? அடி ஆத்தே! யாரு செஞ்சது? ஆம்பளையா, பொம்பளையா?"

புருவம் எடுக்கிற நூல் மறுபடி என் பல்லில் இருந்தது. எடுத்துவிட்டு 'பொம்பளை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கண்ண மூடுங்க அத்த" என்றேன்.

அவள் அதையே பதிலாக வைத்துக்கொண்டு ஜீப் ஏறிப் போனாள். தெரிந்துதான் விட்டேன். நூல் பல்லில் இருந்ததால் என்று யாரிடம் சொன்னாலும் சொல்லலாம், இந்த நோட்டில் சொல்ல முடியாது.

பிப்ரவரி 14

ரம்யா வீட்டிலிருந்து ஆள் வந்தது. நானே செய்ய வேண்டுமாம்!

கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அருணகிரி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

புளி உலுக்க ஆள் கூப்பிடப் போன அருணகிரி டீக்கடையில் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். "ஏய், உன் ஃப்ரெண்டு பாங்காக்ல எவனோ ஒரு ஆம்பளகிட்ட உடம்பக் காட்டி மசிரு எடுத்துக்கினு வந்தாளாமே? இன்னாடி கூத்து அது?"

பானையைத் தேய்த்துக்கொண்டே "எனக்கு இன்னா தெரியும்" என்றேன்.

இரண்டாவது தரம்.

பிப்ரவரி 20

போர்டைக் கழற்றிவிட்டார்களாம். கடை நாலு நாளாகப் பூட்டியிருக்கிறதாம். போனை ராஜ்குமார் வாங்கி வைத்துக்கொண்டானாம்.

போர்டு போனதும் சந்தோஷமாக இருக்கும் என்றுதானே நினைத்தாய்? இரு, சந்தோஷமாக இரு.

பிப்ரவரி 24, திங்கள்

காலை பஸ்ஸில் கோகிலா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து புளிக்கு ஓடு தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். நானும் ஒரு கல்லை எடுத்துத் தட்டினேன்.

"ஊரு வாய மூட ஒலமூடி ஏதுக்கா?" என்றாள். "மாமியா பேசறதில்ல. அவரு, பொம்பளதான் செஞ்சான்னா போட்டோ காட்டுன்றாரு. துணி இல்லாம படுத்துக்கினு இருக்கசொல்ல எவ போட்டோ எடுப்பா?"

"நான்தாண்டி பாஞ்சாலை அத்தகிட்ட சொன்னேன்."

"தெரியும்."

"நான் ஆம்பளைன்னு சொல்லல, சத்தியமா சொல்லல."

"அதுவும் தெரியும்க்கா. அவுங்க கேட்டப்ப நீ சும்மா இருந்தியாமே." ஓட்டை முறத்தில் போட்டாள். "நீ சொன்னதுல ஒண்ணும் இல்ல. அவுத்துட்டுத்தான் படுத்தேன். அதுக்கப்பறம் ஒரு வார்த்த மிச்சம் இருந்திச்சி பாரு. உனுக்குத்தான அனுப்பினேன் அந்த வாய்ஸு? ஒலகத்துல உனுக்கு மட்டுந்தான்."

அழுகை வந்தது. அவள் அழவில்லை. போகும்போது "பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 2

பாறை மேல் போய் அந்த வாய்ஸைத் தேடினேன். போனில் இடமில்லை என்று போன மாதம் நானே அழித்திருக்கிறேன். இடமில்லை என்றா அழித்தேன்?

மார்ச் 9, ஞாயிறு

நெல்லிவாசல். பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, வீடு கொள்ளாத பொம்பளைகள். ரம்யாவை உள்ளறையில் உட்கார வைத்து வாக்ஸ் தடவினேன். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை. அதில் ஒருத்தி, "அந்த பாங்காக்காரி மட்டும் வந்திருந்தா நம்ம பொண்ணையும் அவுக்கச் சொல்லியிருப்பா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பாஞ்சாலை அத்தை சிரித்ததுதான் சத்தமாக இருந்தது.

ஸ்ட்ரிப்பை ரம்யா கையில் ஒட்டியபடியே சொன்னேன். "அங்க ஆம்பள யாரும் இல்ல. செஞ்சது ஒரு பொண்ணு, இருவது வயசுப் பொண்ணு. கோகிலா அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டா."

பாஞ்சாலை அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்ப நான் கேட்டப்ப ஏன்டி வாய மூடிக்கினு இருந்த?" அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது.

"பொறாம அத்த. அவ போனா, நான் போவல. அவ கை நல்லா வந்திச்சி, என் கை வரல. உங்க பொண்ணும் அவள கேட்டா. வயிறு எரிஞ்சிச்சி, விட்டுட்டேன்."

யாரோ ஒரு கிழவி "அடப்பாவி" என்றாள். ரம்யா மட்டும், "அக்கா, வாக்ஸ் ஆறுது, இழுங்க" என்றாள். இழுத்தேன். இழுத்த கையோடு உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். அந்தப் பெண் வலி என்று சொல்லவில்லை.

மார்ச் 13

ராஜ்குமாரைப் பார்த்து அதையே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். "அவளே சொன்னாக்கா. நான்தான் நம்பல. இப்ப நீ சொல்ற, நம்பறேன். அவ இன்னா சொல்றான்னா, செந்தாமரை சொன்னா நம்புவ, பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்டியான்றா. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

வீட்டில் சொன்னால் அருணகிரி, "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டு இப்ப சங்குக்கு மருந்து தடவறியா" என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார்.

ஏப்ரல் 3

கோகிலா திருப்பத்தூர் போய்விட்டாள். பெரிய பார்லரில் வேலையாம், புருஷனும் கூடப் போய்விட்டான். எனக்குச் சொல்லவில்லை, பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும். எங்கள் கூட்ரோட்டு வழியாகத்தான் பஸ் போயிருக்கும். நான் கடைக்குள் இருந்திருப்பேன்.

ஏப்ரல் 15

அவள் ஸ்டேட்டஸ். ஏசி ரூம், கறுப்பு யூனிஃபார்ம், பின்னால் ஆளுயரக் கண்ணாடி.

வயிறு எரிந்தது. இன்னமுமா? ஆமாம், இன்னமும்தான். நல்லா இருடி.

மே 6, செவ்வாய்

இரண்டு கடைக் கூட்டமும் எனக்கே வருகிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஷேர் ஜீப்பில் வருகிறார்கள். நிற்க நேரமில்லை. என் கை இரண்டிலும் முடி வளர்ந்து கிடக்கிறது, இடது கைக்கு நானே செய்துகொள்கிறேன், வலது கைக்கு முடியவில்லை. யாரையும் கேட்கவும் மனசு வரவில்லை.

மத்தியானம் போளூரிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர் வந்தார். மலைக்குப் புதுசு, யாரையும் தெரியாது. ஒரு கை முடிந்ததும், "போளூர்ல கூட இவ்ளோ நல்லா பண்ண மாட்டாங்க. வலியே இல்லையே" என்றார்.

"இது என் ஃப்ரெண்டு சொன்னதுங்க. கோகிலான்னு பேரு. பாங்காக் போய் பண்ணிக்கினு வந்தா, அங்க பாத்துட்டு வந்தது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இப்போதெல்லாம் நிறுத்த முடிவதில்லை, யார் வந்தாலும் சொல்லிவிடுகிறேன். "அங்க பொம்பளதாங்க செஞ்சாங்க."

டீச்சர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"பொம்பளதானே செய்வாங்க?" என்று சொல்லிவிட்டு, அடுத்த கையை நீட்டினார்.