எதிர்வீட்டு வாத்துகளும் என் பாதிப் பாடமும்

மேற்குத் தாம்பரம்
16.7.91

அன்புள்ள எழிலுக்கு,

அம்மா எழுதுவது. நாக்பூர் மழையில் காய்ச்சல் ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பால் நலம். உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. அப்பாவிடம் காட்டாமல் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். இனி ஒளிக்க வழியில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

எதிர்வீட்டுச் செல்லியம்மாள் பல்லாவரம் சந்தையில் ஒரு ஜோடி கலப்பு வாத்து வாங்கி வந்தார். நம் ஊர் வாத்தையும், முகத்தில் சிவப்புச் சதை மொய்த்திருக்குமே அந்தப் பெரிய வாத்தையும் சேர்த்து எடுத்த குஞ்சுகள். முட்டைகளை இரண்டு முறை கோழிக்கு அடியில் அடை வைத்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பழி மருமகள் பேபி மேல் விழுந்தது. ஏகநாதன் அம்மாவின் சம்மதமில்லாமல் கட்டிக்கொண்டு வந்த ஊரப்பாக்கம் தாவீதின் மகள்தான், உனக்குத் தெரியும். மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை. இவ கை பட்ட முட்டை எப்டி பொரிக்கும் என்று தெருவே கேட்கக் கத்தினார். என்னால் பொறுக்க முடியவில்லை. பதினோராம் வகுப்புக்கு நடத்துகிற பாடத்தைக் கொண்டுபோய் அங்கே நடத்தினேன். ஆதியில் ஒரே கூட்டமாக இருந்தவை பிரிந்து, கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக லட்சக்கணக்கான வருஷம் கலக்காமலே வாழ்ந்ததில் தனித்தனி மாற்றங்கள் சேர்ந்து வேறு வேறு இனங்களாகிவிட்டன, இப்போது சேர்த்து வைத்தால் குஞ்சு பிறக்கும், ஆனால் அந்தக் குஞ்சுக்கு வம்சம் கிடையாது, பேபியின் கைக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அத்தத்தான் டீச்சரு நானும் சொல்லிகினு கீறேன், வேற வேற ஜாதி சேந்தா வம்சம் நிக்காது, கேட்டுக்கடா ஏகநாதா என்றார். குழாயடியில் குடத்தோடு நின்ற பேபி மாமியாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அன்று சாயங்காலமே அவளை ஊரப்பாக்கத்துக்கே அனுப்பிவிட்டார்கள். மகனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சும் தொடங்கிவிட்டது.

நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசலிலேயே நின்று, அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், தப்பு என்னுடையது, மனுஷர்கள் அப்படி ஒருநாளும் பிரிந்து கிடந்ததில்லை, நாம் எல்லோரும் ஒரே இனம், குழந்தை இல்லையென்றால் இரண்டு பேரும் டாக்டரிடம் போகட்டும் என்றேன். செல்லியம்மாள் சிரித்தார். ஊருக்கு நல்லா சொல்றே, உம் பொண்ணை அப்டி குடுப்பியா டீச்சரு என்றார். ஏகநாதன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். குடுப்பேன், பையன் பேர் சுந்தர்சிங் என்று நீ கடிதத்தில் எழுதியிருந்த பேரைச் சொல்லிவிட்டேன். திரும்பினால் நம் கேட்டருகே பேப்பரோடு அப்பா.

ஏகநாதன் அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போனவன்தான், இன்னும் திரும்பவில்லை. அந்த வாசலைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தைரியம் என்று நினைத்துவிடாதே எழில். பேபி என்னைப் பார்த்த அந்த நிமிஷம்வரை உனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றுதான் எழுத இருந்தேன். என் மனசிலும் பாதிப் பாடம்தான் இருந்திருக்கிறது.

இரண்டு நாளாகப் பேசாத அப்பா இன்று காலை காபி டம்ளரை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, அந்தப் பையனுக்கு எந்த ஊர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, நீ எழுதவே இல்லையே. அதை அவனே தன் கையால் எழுதட்டும். எனக்கு வேண்டாம், அப்பா பெயருக்கு. மறக்காமல் சொல். இருவரும் நீடூழி நன்றாக இருங்கள்.

உன்
அம்மா