அப்பா கையில் வளையல்

அன்புள்ள பாப்பா,

அங்கே பிரான்சில், லியோனில் உன் சிநேகிதிகள் உனக்கு வளைகாப்பு செய்த அதே ஞாயிற்றுக்கிழமை, ஏம்பலத்தில் நம் வீட்டிலும் செய்தோம். நான்தான் தெருப் பெண்களைக் கூப்பிட்டேன். உன் அம்மா சமையலறையை விட்டு வரவில்லை. உன் கல்யாணத்திலிருந்து உன் பேச்சை எடுத்தாலே அவள் அப்படித்தான், உனக்குத் தெரியும். ஆனால் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் அவள் கிளறியவைதான்.

“பொண்ணு இல்லாம யாருக்குண்ணே வளையல் போடறது?” என்று பக்கத்து வீட்டு ரோஸ்லின் கேட்டாள். நான் என் கையை நீட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். மண்வெட்டி பிடித்த கை ஆயிற்றே, வளையல் விரல்முட்டியைத் தாண்டவில்லை.

அப்போது உன் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். என் விரல்களைக் கூட்டிப் பிடித்து, எண்ணெய் தடவி, வளையலை மெதுவாக ஏற்றினாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“பயப்படாதடி. நல்லபடியா பொறக்கும்.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ரோஸ்லினின் தம்பி நாளை அங்கே புறப்படுகிறான். வளையல்களையும் இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றிலிருந்து உன் அம்மா, “அங்க இப்ப மணி இன்னா?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போன் வந்தால் எடு. அவளுக்குப் பேச்சு வராவிட்டால், நீயே முதலில் பேசு.

உன்
அப்பா