எட்டையும் சேர்த்து எண்ணுகிறாள்

என் அன்பு அக்கா,

நாளைக் காலை யாழினிக்குக் கணிதச் சோதனை. ஆசிரியை பக்கத்தில் அழைத்து வாய்மொழியாகக் கேட்பாராம். இந்த முறையும் தவறினால் பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். உன் மகளை முதலாம் ஆண்டிலேயே அங்கே கொண்டுபோய் விட்டேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

நீ போய் ஐந்து மாதமாகிறது. அத்தானுக்கு ஜொகூரில் வேலை. யாழினி கிள்ளானில் என்னோடுதான் இருக்கிறாள். பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து, ரயிலில் நின்றுகொண்டே வந்து, குளித்த கையோடு எண் அட்டைகளைப் பரப்புகிறேன். ஏழும் இரண்டும்? எட்டு என்கிறாள். எட்டும் மூன்றும்? பத்து. ஒன்பதில் மூன்று போனால்? ஏழு.

இன்று மாலை மேசையில் ஓங்கி அடித்துவிட்டேன்.

"விரல விடுடி! மனசுலேர்ந்து சொல்லு!"

"மனசுல இல்லலா சித்தி. விரல்லதான் இருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவள் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அடிக்கப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்போது என் கை ஓங்கியபடிதான் இருந்தது, அக்கா.

எனக்கே பயமாகிவிட்டது. "சரி, எட்டும் மூணும் எப்படி எண்ணுற? காட்டு" என்றேன். கட்டைவிரலால் சுண்டுவிரலின் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். "எட்டு, ஒம்பது, பத்து." மூன்று கோடு முடிந்துவிட்டது.

"எட்டுதான் ஏற்கெனவே இருக்கே. ஒம்பதுலேர்ந்துதானே எண்ணணும்?"

"நீங்கதானே சொன்னீங்க, மொத நாளையும் சேத்து எண்ணணும்னு? அம்மாக்கு."

உன் பதினாறாம் நாள் காரியம் எப்போது என்று அன்று கேட்டாள். அவள் கையை மடியில் வைத்து விரல் கோடுகளில் எண்ணச் சொன்னேன். நீ போனதற்கு மறுநாளை ஒன்று என்று தொடங்கினாள். "இல்லம்மா, அம்மா போன நாள்தான் ஒன்னு" என்று திருத்தியவள் நான். அதைத்தான் இத்தனை நாளும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"நாளுக்கு அப்படி, கணக்குக்கு இப்படி" என்றேன். "ஏன்?" என்றாள்.

எட்டுக் கடலையைக் கிண்ணத்தில் போட்டு மூடினேன். வெளியே மூன்று வைத்தேன். "உள்ள எட்டு இருக்கு. வெளிய உள்ளத மட்டும் தொட்டு எண்ணு."

"ஒம்பது... பத்து..." மூன்றாவதைத் தொட்டவள் நிறுத்தினாள். என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். பிறகுதான் "பதினொன்னு" என்றாள்.

சரியான விடைதான். ஆனால் அந்தப் பார்வைக்கு நான் யாரிடம் பதில் சொல்வது? நாளை ஆசிரியை முன்னால் அவளுக்கு எது வாயில் வரும், பத்தா, பதினொன்றா? எனக்குத் தெரியவில்லை.

எதைச் சொல்லிவிட்டு வந்தாலும், எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும், அவள் என் முன்னால் விரல் விட்டு எண்ணலாம். என் கை இனி ஓங்காது. உனக்குத் தருகிற வாக்கு இது. நாளை பள்ளி வாசலில் அவளிடமும் சொல்லிவிடுவேன்.

உன் மகளுக்குச் சித்தியாக இருக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கும்
உன் தங்கை