ஸ்பீக்கர் செத்த பியானோ

நவம்பர் 4, செவ்வாய்

துன் நகரம் முழுக்க மூடுபனி, நான்காம் நாள். ஏரி இருக்கிறது என்பது இப்போது வெறும் நம்பிக்கை. நான் திருத்தவேலை செய்யும் ஹோட்டலில்: இரண்டாம் மாடி ஹீட்டரில் காற்று இறக்கியது. 214ஆம் அறை ஷவர் அடைப்பு, எடுத்த முடியில் ஒரு பூனை செய்யலாம். வரவேற்பில் நிற்கும் பெண் மின்குமிழ் எரியவில்லை என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். சுவிட்ச் போடவில்லை. பட்டதாரியாம்.

வீட்டில் மின்சாரப் பியானோ. ஹெட்போன் போட்டால் சத்தம் உண்டு. கழற்றினால் ஸ்பீக்கரில் ஒரு மூச்சும் இல்லை. சனிக்கிழமைதான் தெரிந்தது. மத்தியானம் அமைதி, மாலை எட்டுக்குப் பிறகு அமைதி, ஞாயிறு முழுக்க அமைதி என்று இந்தக் கட்டடத்துச் சட்டம். அதனால் அபி எப்போதும் ஹெட்போனோடுதான் வாசிப்பாள்.

"ஸ்பீக்கர் செத்துப்போச்சு போல அப்பா," என்றாள். பதினான்கு வயது. தோளைக் குலுக்குவது தவிர வேறு கவலை இல்லை.

வருகிற ஞாயிறு லோசானிலிருந்து சகலன் குடும்பம் சாப்பாட்டுக்கு வருகிறது. (இனி ச. முழுப்பெயருக்கு மை வீண்.) தன் மகன் வயலின் வாசிக்கும் வீடியோவை மாதம் மூன்று அனுப்புகிற ஆள். பூனையை மிதித்த சத்தம். நானும் போனில் சொல்லிவிட்டேன்: "வாங்கோ, அபி வாசிப்பாள், கேட்டுப் பாருங்கோ." ஞாயிறு மூன்று மணிக்கு அரை மணித்தியாலம் வாசிக்கக் கீழ்வீட்டு அம்மாவிடம் அனுமதியும் வாங்கியாயிற்று. விலை பத்து வடை.

நவம்பர் 5, புதன்

பனி. கால் விரல் விறைப்பு.

செய்தவை:
– வொலியூம். (சிரிக்க வேண்டாம், வரவேற்புப் பெண்ணின் சுவிட்சைப் பார்த்தவன் நான்.)
– வயரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டுத் திரும்பப் போட்டது.
– மெனுவில் ஸ்பீக்கர் 'ஆன்'. ஏற்கெனவே ஆன்.
– ஹெட்போனை இருபது தரம் செருகி இழுத்தது. ஹெட்போன் செருகும் துளைக்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. ஹெட்போன் போனால் அது விலகி ஸ்பீக்கரை நிறுத்தும். அழுக்குப் பிடித்தால் ஹெட்போன் இன்னும் உள்ளே இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருக்கும். ஸ்ப்ரே அடித்தேன். பலன் இல்லை.

கடைக்குப் போன் எடுத்தேன். ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டான். பத்தொன்பது வருடம் ஹோட்டல் திருத்துகிறவனிடம்! பிறகு, போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும், கொண்டு வாருங்கள் என்றான். பியானோவைக் கண்ணால் காணாமலே பிரேத அறிக்கை.

வ. (வசந்தி, மனைவி): "விடுங்கோவன். பிள்ளை வாசிக்காட்டி வானம் இடிஞ்சு விழுமே?" சகலனுடைய மனைவி இவளுக்குத் தங்கை. இவளுக்கு மானப் பிரச்சினை இல்லை.

நவம்பர் 6, வியாழன்

பின்பலகை கழற்றினேன். இருபத்தொரு ஆணி, ஒன்று கதிரைக்குக் கீழே போய் அரை மணித்தியாலம். இரண்டு ஸ்பீக்கரையும் தனியாகக் கழற்றிச் சின்ன பற்றரி வைத்துத் தொட்டேன். கர் என்றன. உயிர் இருக்கிறது. வயர் சரி. போர்டு சரி. கடைக்காரன் மடையன், நிரூபணம் ஆகிவிட்டது.

அபி வாசலில் நின்று பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமைக்கிடையில சரிவருமோ அப்பா?"

"வராமல் விடுமோ? நான் திருத்தாத சாமான் இன்னும் உலகத்தில செய்யேல்லை."

அறைக்குள் போய்விட்டாள். பெருமைப்படுகிறாள் போல.

ச. குறுஞ்செய்தி: மகன் வயலினைக் கொண்டுவருகிறானாம், "சேர்ந்து வாசிக்கட்டும்". கடவுளே.

நவம்பர் 8, சனி

லீவு. பனி கொஞ்சம் விலகியது, மலை பாதி தெரிந்தது. மற்றப் பாதிக்கு என்ன கோபமோ.

பிழை பிடிபட்டது.

ஹெட்போன் துளை இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். முதலாவதைத்தான் பாவிக்கிறோம். இரண்டாவதை இந்த வீட்டில் ஒருவரும் தொட்டதில்லை, அதனால் நானும் பார்க்கவில்லை. இன்று டோர்ச் அடித்தேன். உள்ளே பித்தளை மினுக்கம். குறட்டு முனையால் இழுத்தேன். பழைய ஹெட்போன் ஒன்றின் முனை. பியானோ ஒரு வாரமாக யாரோ ஹெட்போனில் கேட்கிறார்கள் என்று நம்பி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

முறியவில்லை. வெட்டியது. வெட்டின முகத்தில் சின்ன மேடு. என் வெட்டுக்குறட்டின் அலகில் ஒரு பல் போய்விட்டது, அது எதை வெட்டினாலும் அந்த மேடு விழும். வ. என் கருவிப்பையைத் தொடமாட்டாள்.

முதலில் கத்திக் கூப்பிடத்தான் வாய் திறந்தேன். அபி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். யாருமில்லாத வீட்டில் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு போனில் செப்டெம்பர் வீடியோவைத் தேடி எடுத்தேன். ச. வீட்டுப் பிறந்தநாள், அபியை அங்கிருந்த கீபோர்டில் இருத்தி வாசிக்க வைத்தது. இதுவரை சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன், இன்று படத்தைப் பார்த்தேன். முப்பது பேர். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ரோல்ஸ் கடிக்கிறார்கள், காணி விலை கதைக்கிறார்கள். ச. சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறான். அவளுடைய காது இரண்டும் சிவந்திருக்கிறது. ஒரு இடத்தில் தடுக்கினாள். கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், எல்லாருக்கும் கேட்க: "முதலில இருந்து வாசி!"

என்னுடைய குரல். இந்த ஆளை வேறு எங்காவது கண்டிருந்தால் நாலு பக்கம் திட்டி எழுதியிருப்பேன்.

அன்று ரயிலில் வரும்போது சொன்னவள்: "பைன்லிக் அப்பா. நான் என்ன றேடியோவோ?" பைன்லிக் என்றால் ஜெர்மனில் வெட்கக்கேடு. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாமே பைன்லிக் என்று பிறகு போனில் ச.விடம் சொல்லிச் சிரித்தேன். அவனோடு சேர்ந்து சிரித்தேன்.

துண்டைத் திரும்ப இரண்டாவது துளைக்குள் வைத்து நெருப்புக்குச்சியால் தள்ளினேன். இருபத்தொரு ஆணியும் பூட்டினேன்.

அபி வந்தாள். நான் கீழே குந்தியிருந்தபடி, டோர்ச் இன்னும் இரண்டாவது துளையில் எரிந்தபடி.

"பிழை பிடிபட்டுதோ?"

"இல்லை."

டோர்ச்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே அறைக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆட்டுக்கறி, புட்டு, ச.

மூன்று மணிக்கு அவன் கதிரையைப் பியானோப் பக்கம் திருப்பினான். "எங்க, தொடங்குவமே?"

"ஸ்பீக்கர் பழுது," என்றேன்.

"என்ன அண்ணை, ஹோட்டல் முழுக்கத் திருத்துறியள், வீட்டுச் சாமான் திருத்தேலாதோ?"

"ஓம். ஏலாமல் போச்சு."

அவன் சிரித்த சிரிப்பு. பல்லில் ஆட்டு நார். லோசானில் தனக்கொரு ஆள் தெரியுமாம், அஞ்சு நிமிட வேலையாம். பிறகு மகனை எழுப்பிவிட்டான். பொடியன் வயலினைக் கையிலெடுத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றான். அவனுடைய காதும் சிவப்பு. நல்லாய் வாசித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

அபி தண்ணீர் வார்க்க வந்தவள் என் கோப்பையை நிரப்பி வழிய விட்டாள். மன்னிப்பும் கேட்கவில்லை.

கீழ்வீட்டு அம்மா படியில் கண்டு கேட்டார், ஏன் பியானோச் சத்தம் வரவில்லை என்று. பத்து வடையும் நட்டம்.

நவம்பர் 10, திங்கள்

மழை. 214 மறுபடி அடைப்பு, இன்னொரு பூனை.

ச. லோசான்காரனின் நம்பர் அனுப்பியிருந்தான். அழித்தேன்.

ஐந்தரைக்கு வீடு. படியிலேயே பியானோ கேட்டது. ஸ்பீக்கரில், கதவு திறந்தபடி. குசினி மேசையில் என் கருவிப்பை, அதற்கு மேல் அந்தப் பித்தளைத் துண்டு.

போய் எட்டிப் பார்க்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினியிலேயே இருந்தேன். அபியின் இடது கை இன்னும் பிந்துகிறது. சொல்லவில்லை.