பூஜையில் நனைந்த பன்னிரண்டு கண்ணாடிகள்

இன்று காலை ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் எலுமிச்சம்பழ வாசனை. நாளைக்கு ஆயுத பூஜை விடுமுறை என்பதால் முதல்நாளே கும்பிட்டுவிடுவது நம் இயற்பியல் துறை வழக்கம், உங்களுக்குத் தெரியாததா? உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் அம்மா பழத்தை அறுத்துக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தார். நான் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் ஓடிப்போய், ஆராய்ச்சிக் கண்ணாடிகள் இருக்கும் பீரோ பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. அப்புறம் தனியாக நின்று சிரித்தேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் பாடம் நடத்துகிறவள், நீங்கள் ஆய்வக உதவியாளர். விராலிமலைப் பக்கத்திலிருந்து இலுப்பூர் வழியாக வரும் பஸ்ஸில் ஒன்பது மணிக்கே வந்து, நான் வருவதற்குள் அடுப்புத் தட்டைச் சூடேற்றி வைத்திருப்பீர்கள். "மேடம், தட்டு ரெடி, இங்கிட்டு வாங்க" என்ற குரல் கேட்காத நாளில் எனக்கு வேலையே ஓடாது.

துத்தநாக உப்புக் கரைசலைச் சூடான கண்ணாடியின் மேல் புகை மாதிரி தெளித்தால் துத்தநாக ஆக்சைடு ஒரு மென்படலமாகப் படியும். கண்ணுக்கே தெரியாது, ஆனால் மின்சாரம் கடத்தும். அதுதான் என் ஆராய்ச்சி. செய்வது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஐப்பசி ஈரக்காற்று பட்டால் பத்தே நாளில் மேற்பரப்பு மங்கிப் பால் பூத்தாற்போல் ஆகும், மின்தடை எங்கோ ஏறிவிடும். வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. படித்த நான் ஏற்கனவே இரண்டு முறை அவகாசம் கேட்டு வாங்கியாகிவிட்டது. "அடுத்த ரிவியூவுக்குள்ள படலம் நிக்கணும்மா. இல்லைன்னா தலைப்பை மாத்திட்டு முதல்லேருந்து ஆரம்பிங்க" என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அந்த வயதில் முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை.

படலத்தை இன்னும் சூட்டில் போட்டு இறுக்கினால் தானாக நிற்கும் என்பது என் பிடிவாதம். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

"பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாம புளிக்கொழம்பு வப்பீங்களா மேடம்? இதுக்கு மேல அந்த அலுமினிய உப்பைக் கொஞ்சம் தெளிச்சுப் பாப்பமே. லேசாப் போதும்."

"இது ஆராய்ச்சிங்க, பாத்திரக்கடை இல்லை" என்றேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நீங்கள் விடவில்லை. நச்சரிப்புத் தாங்காமல், "ஆறே ஆறு கண்ணாடியில வேணும்னா தெளிச்சுக்கங்க" என்றேன். மின்முனை வைக்க இரண்டு ஓரங்களிலும் வெள்ளிப் பசை பூசி, அதை மட்டும் மறைத்துவிட்டு, நடுவில் அலுமினிய ஆக்சைடை மெல்லிசாகப் படியவைத்தீர்கள். என்னுடைய வெறும் கண்ணாடி ஆறு, உங்களுடையது ஆறு, எல்லாம் ஒரே டப்பாவில்.

அந்த வருஷப் பூஜைக்கு முதல்நாள் நான் லீவு. நீங்கள் கருவிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்தீர்கள். அதோடு நிற்கக் கூடாதா? மேடத்துக்கு ரிவியூ வருகிறதே என்று டப்பாவைத் திறந்து சாமி முன்னால் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழத்தை அதன் மேலேயே பிழிந்து, சாம்பிராணி காட்டி, ஈரத்தோடு மூடி வைத்துவிட்டுப் போனீர்கள். சனி ஞாயிறையும் சேர்த்து நாலு நாள் விடுமுறை. நாலு நாளும் அடைமழை.

திங்கட்கிழமை டப்பாவைத் திறந்தால் உள்ளே எலுமிச்சை வாசனை, மஞ்சள் ஈரம். எலுமிச்சைச் சாறு துத்தநாக ஆக்சைடைக் கரைத்துவிடும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும், பக்தி வந்தால் கெமிஸ்ட்ரி போய்விடும் போல. எனக்கோ கோபம் மூக்கு நுனியில். "ஒங்க சாமியும் நீங்களும் சேந்து என் ரெண்டு வருஷத்தைப் பிழிஞ்சு ஊத்திட்டீங்க!" என்று கத்தினேன். வராந்தாவில் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உங்கள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்:

"தப்புத்தான் மேடம். திட்டி முடிச்சதும் சொல்லுங்க, மீட்டரை எடுத்து வக்கிறேன். எது செத்துச்சு, எது பொழச்சுச்சுன்னு பாக்கணும்ல."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள்தான் ஒவ்வொன்றாகத் துடைத்து, முனைகளை வைத்து, அளவைச் சொன்னீர்கள். என்னுடைய ஆறும் போயே போச்சு; இரண்டில் படலம் இருந்த இடமே தெரியவில்லை. உங்களுடைய ஆறில் ஒன்று போயிருந்தது, பூச்சு சரியாக விழாத கண்ணாடி அது. மற்ற ஐந்தும் பூஜைக்கு முன்னால் எழுதி வைத்த அளவிலிருந்து அசையவில்லை. மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று அதைத் தட்டிப் பார்த்தேன். வேறு மீட்டர் கொண்டுவந்தும் பார்த்தோம். அதே அளவு.

அப்புறம் முறைப்படி எல்லாம் செய்தோம். மூடிய பெட்டிக்குள் நீராவி விட்டு, எத்தனை நொடி தெளித்தால் எத்தனை நாள் தாங்குகிறது என்று வாரக்கணக்கில் அளந்தோம். ரிவியூவில் என் தலைப்புத் தப்பித்தது. ஆய்வேட்டில் நான், "ஈரப்பதச் சோதனையின்போது இது கண்டறியப்பட்டது" என்று கௌரவமாக எழுதினேன். நன்றியுரையில் உங்கள் பெயரை ஒரு வரியில் போட்டேன். அதற்கே நீங்கள் வீட்டிலிருந்து அதிரசம் செய்து கொண்டுவந்தீர்கள்.

வைவா அன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "முதல்ல வெப்பத்தால இறுக்கத்தானே பாத்தீங்க. திடீர்னு பூச்சு பக்கம் எப்படிப் போனீங்க?" என்று கேட்டார். ஆய்வேட்டில் எழுதியதையே ஒப்பித்திருக்கலாம். கடைசி வரிசையில் புதுச்சேலை கட்டிக்கொண்டு, என்னைவிடப் பயந்துபோய் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. ஈயம் பூசச் சொன்னது, நான் ஏளனம் செய்தது, எலுமிச்சம்பழம், கத்தியது எல்லாவற்றையும் சொன்னேன். "யோசனை அவங்களோடது சார். நான் வேண்டாம்னவ" என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. பேராசிரியர் உங்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். நன்றியுரையில் இருந்த பெயரைப் பூச்சு பற்றிய அத்தியாயத்துக்குள்ளேயே எழுதச் சொன்னார். எழுதினேன்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி கும்பிட்டதையெல்லாமா மேடம் சபையில சொல்வாங்க? மானமே போச்சு!" என்றீர்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது உங்களுக்கு. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம்! எத்தனை முறை நான் பிடிவாதம் பிடித்து மறுபடியும் தோற்றேன்! "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நீங்கள் ஒருநாள்கூடச் சொல்லவில்லை. சொல்லும் உரிமை உலகத்தில் யாருக்காவது இருந்ததென்றால் அது உங்களுக்குத்தான். இதை நான் கவனித்ததே நீங்கள் போன பிறகுதான்.

அதனால் நானும் சொல்லாமலிருக்கப் பழகுகிறேன். லேசுப்பட்ட காரியமில்லை. போன மாதம், வேண்டாம் வேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், என் வீட்டுக்காரர் தெருவில் விற்றவரிடம் ஒரு மிக்ஸி வாங்கினார். மூன்றாம் நாள் சட்னி அரைக்கும்போது புகைந்து நின்றுவிட்டது. அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அப்படியே விழுங்கிவிட்டு, "சரி விடுங்க, இன்னைக்குப் பொடி வச்சுச் சாப்பிடுவோம்" என்றேன். மனுஷன் பயந்துபோனார். என் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "ஒடம்புக்கு என்ன செய்யுது? ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டார்.

இதைக் கேட்டிருந்தால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். மறுநாள் காலையில் முதல் வேலையாக உங்களிடம் சொல்லத்தான் வேகவேகமாக வந்தேன். ஆய்வகக் கதவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது.